சிட்டுக்குருவி குடிவரும் அலங்காரக் கூடு: பலகை அறுப்பதிலிருந்து கோலம் போடுவது வரை

அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் தொங்கும் பறவை வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கூரை, பூப்போட்ட சுவர், வாசலில் உட்கார ஒரு குச்சி. தோட்டத்தில் மாட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் சிலந்திதான் குடியிருக்கும். வாசல் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும், உள்ளே ஆழம் இருக்காது, உட்புறமெல்லாம் பெயின்ட் அடித்திருக்கும், திறந்து சுத்தம் செய்ய வழியே இருக்காது.

அழகாகவும் இருக்க வேண்டும், குருவியும் வர வேண்டும் என்றால் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். வெளிப்புறம் நம் விருப்பம், உட்புறம் குருவியின் விருப்பம். வெளிச்சுவரில் நீங்கள் என்ன வரைந்தாலும் அதற்குக் கவலையில்லை. துளையின் அளவு, உள்ளே இருக்கும் ஆழம், சூடு, காற்று ஆகியவற்றில் மட்டும் அது சமரசம் செய்துகொள்ளாது.

யாருக்காகச் செய்கிறோம்?

எல்லாப் பறவையும் பெட்டிக்குள் வராது. தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தானே பின்னும். தேன்சிட்டு கொடியில் தொங்கும் பை போலக் கட்டும். தையல்சிட்டு இலையைத் தைக்கும். கொண்டைக்குருவி செடியின் கவட்டில் கிண்ணம் வைக்கும். இவற்றுக்குப் பெட்டி செய்து பயனில்லை, அடர்த்தியான செடி வளர்த்தால் போதும்.

பொந்து தேடும் பறவைகள்தான் நம் விருந்தாளிகள்: சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், மலைப்பகுதியில் பட்டாணிக்குருவி, பெரிய பொந்து கிடைத்தால் புள்ளி ஆந்தை. பொந்து கிடைக்காதபோது இவை மீட்டர் பெட்டி, குழாய், பெயர்ப்பலகையின் பின்புறம் என்று எங்கேயாவது ஒண்டிக்கொள்ளும். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட, ஊர்க்காரர்கள் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கைப் போடாமலே இருந்தது செய்தியாக வந்தது. அந்தப் பறவைக்கு வேண்டியிருந்தது இருட்டும் மறைவுமான ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான்.

நாம் சிட்டுக்குருவிக்குச் செய்வோம். ஓட்டு வீட்டின் இறவாரத்திலும் உத்தரச் சந்திலும் வாழ்ந்த குருவிக்கு, கான்கிரீட் வீட்டில் நுழைய ஒரு சந்துகூட இல்லை. அதனால் இந்தப் பெட்டி அதற்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. தோட்டம் இல்லாதவர்கள் பால்கனியிலும் மாட்டலாம்.

பலகை

ஒன்றரை செ.மீ. கனம், 15 செ.மீ. அகலம், நாலரை அடி நீளம் உள்ள ஒரு பலகை கூரை தவிர எல்லாவற்றுக்கும் போதும். கூரைக்கு மட்டும் 21-க்கு 23 செ.மீ. அளவில் ஒரு தனித்துண்டு. மரக்கடையில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டாலே கிடைக்கும். தேக்குத் துண்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வேம்பு கரையானைத் தாங்கும். சில்வர் ஓக் மலிவு, அறுக்கவும் சுலபம்.

எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம். ஒரு மழையில் ஊதிவிடும். மலிவான ப்ளைவுட்டும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். பேக்கிங் பெட்டியின் பைன் பலகையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் அடித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பரவாயில்லை. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

தகரத்தில் மட்டும் கூடு செய்யாதீர்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் தகர டப்பாவுக்குள் குஞ்சு உயிரோடு இருக்காது. கனமான மரம் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஒன்றரை செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

அளந்து அறுப்பது

மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துண்டுகள் இவை:

- பின்பலகை: 37 செ.மீ. உயரம். மேலே 5, கீழே 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் திருகுவதற்கு அந்த இடம்.
- முன்பலகை: 21.5 செ.மீ.
- பக்கப்பலகை இரண்டு: பின்விளிம்பு 27, முன்விளிம்பு 22 செ.மீ.
- தரை: 12 செ.மீ.
- கூரை: 21 x 23 செ.மீ.

இரண்டு பக்கப்பலகைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டியதில்லை. 49 செ.மீ. நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு ஓரத்தில் 27-ஆவது செ.மீ., எதிர் ஓரத்தில் 22-ஆவது செ.மீ. குறித்து, இரண்டையும் இணைக்கும் சாய்கோட்டில் ஒரே அறுப்பு அறுத்தால் இரண்டு பலகையும் வந்துவிடும். கூரைச் சரிவும் இரண்டிலும் ஒன்றாக அமையும். மற்ற துண்டுகளின் அகலம் பலகையின் 15 செ.மீ. அப்படியே.

வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேயுங்கள். உட்பக்கத்தைத் தொடாதீர்கள். ரம்பம் போன சொரசொரப்பு அப்படியே இருக்கட்டும்.

வாசல்

இந்த வேலையில் மிக நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. துளை 32 மி.மீ. விட்டம், அதாவது ஒன்றேகால் அங்குலம். சிட்டுக்குருவி தாராளமாக நுழையும், மைனா நுழையாது, புறாவுக்கும் காகத்துக்கும் பேச்சே இல்லை. துளையை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கினால் மைனா போட்டிக்கு வரும், வந்தால் குருவி தோற்றுவிடும். மைனாவுக்கே செய்ய ஆசைப்பட்டால் 45 முதல் 50 மி.மீ. துளை வைத்து, பெட்டியையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கித் தனியாகச் செய்யுங்கள்.

முன்பலகையின் அடியிலிருந்து 16.5 செ.மீ. உயரத்தில், அகலத்தின் நடுவில், துளையின் மையத்தைக் குறியுங்கள். தரைப்பலகையின் கனம் போக, உள்ளே தரையிலிருந்து துளையின் கீழ்விளிம்பு வரை 13 செ.மீ.க்கு மேல் ஆழம் கிடைக்கும். கூடு கட்டிய பிறகும் காகத்தின் அலகுக்கோ பூனையின் கைக்கோ குஞ்சு எட்டாமல் இருப்பதற்கு இந்த ஆழம்தான் காவல்.

டிரில் மெஷினில் ஹோல் சா பிட் (வட்டமாகத் துளை வெட்டும் பல்வைத்த பிட்) மாட்டி, முன்பலகைக்கு அடியில் ஒரு பழைய துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு துளையிடுங்கள். அடியில் துண்டு வைக்காமல் போட்டால் பிட் வெளிவரும் இடத்தில் மரம் சிலும்பு சிலும்பாகப் பிய்ந்துவிடும். அந்தச் சிலும்பு குருவியின் இறகைக் கிழிக்கும். துளை போட்டதும் உப்புத்தாளை விரலில் சுற்றி உள்விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். விரலை உள்ளே விட்டுச் சுழற்றினால் எங்கேயும் குத்தக் கூடாது. ஹோல் சா இல்லையென்றால் ஆசாரியிடம் கொடுத்தால் சில நிமிட வேலை.

பிறகு முன்பலகையின் உட்பக்கத்தில், துளைக்குக் கீழே, ஒரு செ.மீ. இடைவெளியில் குறுக்குக் கோடுகளாக ரம்பத்தால் லேசாகக் கீறிவிடுங்கள். இரண்டு மி.மீ. ஆழம் போதும். பறக்கத் தயாரான குஞ்சு இந்தக் கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் வாசலுக்கு ஏறி வரும்.

வாசலுக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள். குருவி துளையின் விளிம்பையே நகத்தால் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடும். குச்சியால் வசதி காகத்துக்கும் மைனாவுக்கும்தான், அவை நின்று உள்ளே எட்டிப் பார்க்க.

அணில் நடமாட்டம் உள்ள தோட்டமா? அணில் துளையைக் கொறித்துப் பெரிதாக்கிவிடும். 32 மி.மீ. துளை வெட்டிய ஒரு பித்தளை அல்லது அலுமினியத் தகட்டை வாசலைச் சுற்றி ஆணியடித்துவிடுங்கள். தகட்டின் ஓரத்தை அரத்தால் மழுக்கிவிட வேண்டும். பித்தளையில் செய்தால் அதுவே நிலைக்கதவுக் குமிழ் போல அழகாகவும் இருக்கும்.

காற்றும் வடிகாலும், அப்புறம் பூட்டுவது

இரண்டு பக்கப்பலகையிலும் கூரைக்குச் சற்றுக் கீழே மும்மூன்று 8 மி.மீ. துளைகள். சூடான காற்று இதன் வழியே வெளியேறும். தரைப்பலகையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு 6 மி.மீ. துளை, உள்ளே சேரும் ஈரம் வடிவதற்கு.

பூட்டும்போது முதலில் தரையை இரண்டு பக்கப்பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருகுங்கள். பிறகு முன்பலகை, கடைசியாகப் பின்பலகை. ஆணியைவிட ஒன்றரை அங்குல ஸ்க்ரூ நல்லது. மரம் வெயிலிலும் மழையிலும் சுருங்கி விரியும்போது ஆணி தளர்ந்துவிடும். ஸ்க்ரூவுக்கு முன் சின்ன பிட்டால் வழித்துளை போட்டுக்கொண்டால் பலகை ஓரம் பிளக்காது. உள்ளே எந்த ஸ்க்ரூ முனையும் நீட்டக் கூடாது, கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கூரையை நிரந்தரமாக அடித்துவிடாதீர்கள். பழைய சைக்கிள் டியூபில் 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பாதியைப் பின்பலகையிலும் பாதியைக் கூரையிலும் சின்ன ஆணிகளால் அடியுங்கள். அதுவே கீலாக வேலை செய்யும், பின்னால் இருக்கும் சந்தில் மழைநீர் இறங்காமலும் தடுக்கும். இரும்புக் கீல் போல் துருவும் பிடிக்காது. முன்பக்கம் ஒரு கொக்கி போட்டுவிட்டால் பூனை தூக்கித் திறக்க முடியாது.

இனி அலங்காரம்

முதலில் பெயின்ட். தண்ணீரில் கலக்கும் வெளிச்சுவர் எமல்ஷன் போதும். தின்னர் கலக்கும் எனாமல் வாசம் போக நாளாகும். உள்ளே ஒரு சொட்டுக்கூட வேண்டாம், துளையின் உள்விளிம்பிலும் வேண்டாம். அடர் நிறங்கள் வெயிலை வாங்கி உள்ளே அனுப்பும், அதனால் அடிப்படை நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். அடர் நிறத்தைக் கோட்டுக்கும் பூவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டு, மினுமினுப்புத் தாள் ஒட்டாதீர்கள். தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து ஆண்குருவி கொத்திக்கொண்டே இருக்கும். தொங்கும் நூல், ஜரிகை, மணிச்சரம் எல்லாம் காலில் சிக்கும்.

இவ்வளவு தடை போட்ட பிறகு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

*காவிப்பட்டை வீடு.* கோயில் மதிலில் பார்க்கும் காவியும் வெள்ளையுமான பட்டைகள் இந்த அளவுப் பெட்டியில் அவ்வளவு பாந்தமாக உட்காரும். பிரைமர் ஒரு கை, அரை வெள்ளை எமல்ஷன் இரண்டு கை. நன்றாகக் காய்ந்ததும் இரண்டரை செ.மீ. அகல மாஸ்கிங் டேப்பைச் செங்குத்தாக, அதே அளவு இடைவெளி விட்டு ஒட்டுங்கள். 15 செ.மீ. அகலச் சுவரில் மூன்று வெள்ளை, மூன்று காவி என்று கச்சிதமாக விழும். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு, முதலில் அதே வெள்ளையை ஒருமுறை ஓரத்தில் பூசுங்கள். டேப்பின் அடியில் கசிவதெல்லாம் வெள்ளையாகவே கசிந்து சந்தை அடைத்துவிடும். அதன் மேல் காவி அடித்தால் கோடு கத்தியால் வெட்டியது மாதிரி வரும். பெயின்ட் முழுதும் காய்வதற்குள், லேசாகப் பிசுபிசுப்பு இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். அசல் காவிக்கல்லைக் கரைத்து மட்டும் பூசினால் ஐப்பசி மழையில் கரைந்து ஓடிவிடும். அந்தப் பொடியை நிறமில்லாத எமல்ஷனில் குழைத்துப் பூசலாம்.

*நாட்டு ஓட்டு வீடு.* மூன்றில் வேலை அதிகம் இதற்குத்தான், ஆனால் செய்து முடித்தால் கண்ணை எடுக்க முடியாது. இரண்டு செ.மீ. விட்டமுள்ள மெல்லிய மூங்கிலை 8 செ.மீ. துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் நெடுக்காக இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். கூரையின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒரு வரிசை குழிவு மேலே பார்த்தபடி. அதன் இடைவெளிகளை மூடுகிறமாதிரி அடுத்த வரிசை கவிழ்த்து. மேலே போகும் ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கின் மேல் இரண்டு செ.மீ. ஏறி உட்கார வேண்டும். தண்ணீர் தாங்கும் மரப்பசை போட்டு, ஓரத்து ஓடுகளுக்கு மட்டும் ஒரு சின்ன ஆணி. ஓட்டுச் சிவப்பில் ஒரு கை தீட்டினால் சின்ன ஓட்டு வீடு தயார். இது வெறும் அழகு மட்டுமில்லை. மூங்கிலுக்கும் பலகைக்கும் நடுவில் நிற்கும் காற்று கூரைச் சூட்டைக் குறைக்கும்.

திண்ணையும் தூணும் வைக்க வேண்டும் என்று இங்கேதான் எல்லோருக்கும் தோன்றும். தூணைச் சுவரில் வரைந்துகொள்ளுங்கள், செதுக்கி நிறுத்தாதீர்கள். வாசலுக்கு முன் நிற்க இடம் கொடுத்தால், குச்சி வைக்காததன் பலன் போய்விடும்.

*கோலச் சுவர்.* பக்கச்சுவருக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளி சரியாக இருக்கும். புள்ளிக்குப் புள்ளி இரண்டரை செ.மீ., இரு ஓரமும் இரண்டரை செ.மீ. விளிம்பு. வெளிர் நிறத்தில் அடித்த சுவரில் செங்கல் நிற அக்ரிலிக் பெயின்ட்டும் சன்னமான தூரிகையும் கொண்டு போடலாம். பக்கத்துக் காற்றுத்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கோலம் போடுகிறவர் கையிலேயே தூரிகையைக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கைக்கு வரும் வளைவு ஸ்டென்சிலில் வராது.

வேலை இவ்வளவு வேண்டாம் என்பவர்கள் கூரைமேல் பனையோலையை மட்டும் வேய்ந்தாலே போதும். ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் கோடைக்கு அதைவிடக் குளிர்ச்சியான கூரை கிடையாது.

பெயின்ட் அடித்த கூட்டை இரண்டு வாரமாவது நிழலில் காற்றாடத் திறந்து வையுங்கள். மூக்கை உள்ளே வைத்து முகர்ந்தால் மர வாசம் மட்டும்தான் வர வேண்டும்.

எங்கே, எப்படி மாட்டுவது

எட்டு முதல் பத்தடி உயரம். மேற்கு வெயில் நேரே படும் சுவர் ஆகாது. சன்ஷேடுக்கோ தாழ்வாரத்துக்கோ கீழே, கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த சுவர் நல்லது. வடகிழக்குப் பருவமழைச் சாரலிலிருந்து அந்த சன்ஷேடு காக்கும். சுவர்த்துளையில் ரால் பிளக் (ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டு, மேலே இரண்டு, கீழே ஒன்று என்று ஸ்க்ரூ வைத்து அசையாமல் இறுக்குங்கள். கயிற்றில் தொங்கவிட்டு ஆடும் கூட்டைவிட, சுவரோடு நிலையாக நிற்கும் கூட்டைத்தான் குருவி நம்பும்.

பக்கத்தில் பூனை ஏறி நிற்க மதிலோ கிளையோ இருக்கக் கூடாது. ஏ.சி. வெளி யூனிட்டின் அனல் படக் கூடாது. வீட்டுக்குள் வராந்தாவில் மாட்டினால் சீலிங் ஃபேன் இல்லாத இடமாகப் பாருங்கள். ஃபேனில் அடிபட்டுச் சாகும் குருவிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிட்டுக்குருவி கூட்டமாக வாழப் பிடிக்கும் பறவை. ஒன்றுக்கு இரண்டு மூன்று கூடுகளாக, ஒரு மீட்டர் இடைவெளியில் மாட்டினால் வர வாய்ப்பு அதிகம். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளன்று பல இடங்களில் கூடு கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் மழை ஓய்ந்து தை பிறக்கும்போதே மாட்டிவிடுவது மேல். ஜோடிகள் கோடைக்கு முன்பே இடம் தேடத் தொடங்கிவிடும்.

உள்ளே வைக்கோல், பஞ்சு எதுவும் திணிக்காதீர்கள், அது குருவியின் வேலை. வேண்டுமானால் தேங்காய் நாரையும் காய்ந்த புல்லையும் சற்றுத் தள்ளி ஒரு தட்டில் வையுங்கள். நைலான் நூல் மட்டும் கண்ணில் படாமல் பாருங்கள். தண்ணீர்த் தட்டு இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். மண்ணில் புரள ஒரு கூடை உலர்ந்த மணல். கம்பு, தினை, நொய்யரிசி பெரிய குருவிகளுக்கு. குஞ்சுக்கோ புழுவும் பூச்சியும்தான் உணவு, அதனால் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே குருவிக்கூடு மாட்டுவதில் அர்த்தமில்லை. எறும்பு வந்தால் எறும்புச் சாக்பீஸ், கிரீஸ் இரண்டும் தொடாதீர்கள். ஒன்று விஷம், மற்றொன்று இறகில் ஒட்டினால் போகாது. கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொடியையும் கிளையையும் வெட்டிவிட்டால் எறும்பின் பாதை பெரும்பாலும் அறுந்துவிடும்.

குடிவந்த பிறகு

சில வீடுகளில் ஒரு வாரத்தில் வரும், சில வீடுகளில் மாதங்கள் ஆகும். ஓர் ஆண்டு முழுதும் வராவிட்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள், அலங்காரத்தை மாற்ற வேண்டாம்.

மூன்று முதல் ஐந்து முட்டை வைக்கும். சுமார் இரண்டு வாரம் அடை, பொரித்த பின் குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு மாதமும் கூரையைத் திறக்கக் கூடாது. போட்டோ எடுக்கத் திறப்பதும் கூடாது. தொந்தரவு தாங்காமல் தாய் கூட்டைக் கைவிடக்கூடும். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் தயங்காமல் எடுத்துக் கூட்டிலேயே விடுங்கள், மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. இறகு முளைத்த குஞ்சு தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுகிறது, பூனையை மட்டும் விரட்டுங்கள்.

குஞ்சுகள் பறந்து சில நாள் கழித்து, உள்ளே யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பழைய கூட்டை வெளியே எடுங்கள். அதில் உண்ணியும் பேனும் இருக்கும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, கூரையைத் திறந்தபடி ஒருநாள் வெயிலில் காய வைத்து மறுபடி அதே இடத்தில் மாட்டுங்கள். பூச்சிக்கொல்லி, பினாயில் வேண்டாம். அதே ஜோடி அடுத்த ஈட்டுக்கு அதே கூட்டுக்குத் திரும்பி வருவது வழக்கம் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பெயின்ட் உரிந்திருந்தால் அதைத் தொடும் நேரம் இதுவல்ல. குருவி கூட்டுப் பக்கம் அதிகம் வராத மாதத்தில் கழற்றி, புதிதாக அடித்து, மறுபடி இரண்டு வாரம் காற்றாட வைத்த பிறகு மாட்டுங்கள்.